வயித்துக்குள்ள ஒரு ரிவர்ஸ் கியர்!



போன வாரம் கொட்டாவி மேட்டர் எழுதினதுக்கு, 'படிச்சு முடிக்கறதுக்குள்ள எட்டு கொட்டாவி விட்டோம்'னு நிறையப் பேர் சொல்லியிருந்தீங்க. அது பாராட்டா, கலாய்ப்பான்னு இன்னும் புரியலை. ரெண்டுக்கும் சேர்த்து நன்றி! இந்த வார மேட்டர் கொஞ்சம் 'உவ்வே' ரகம். மெஸ்ல தட்டு முன்னாடி உட்கார்ந்து படிக்கிறவங்க, முதல்ல சாப்பிட்டு முடிங்க. நான் எங்கேயும் ஓடிப்போயிட மாட்டேன்.

முடிச்சாச்சா? ஓகே, உள்ளே போவோம்.

செமஸ்டர் எக்ஸாம் அன்னிக்குக் காலையில எந்த ஹாஸ்டல் பாத்ரூம் பக்கம் போனாலும் ஒரு சவுண்ட் நிச்சயம் கேட்கும். ராத்திரி பூரா டீ, பிஸ்கட்லயே வண்டியை ஓட்டி, ரெண்டு மணி நேரம் தூங்கி எழுந்து, பிரஷ்ஷை வாயில வெச்சதும் குமட்டும். வயித்துல ஒண்ணுமே கிடையாது. ஆனாலும் விடாம இழுக்கும். கடைசியில கொஞ்சூண்டு தண்ணி... மஞ்சளா, சில நேரம் பச்சையா. கசப்புன்னா அப்படி ஒரு கசப்பு!

உடனே ரூம் வாசல்ல மெடிக்கல் போர்டு கூடிடும். "பித்தம்டா மச்சான். எலுமிச்சம்பழம் புழிஞ்சு குடி"ம்பான் சிவில் பார்ட்டி. "மஞ்சளா வருதே... மஞ்சக்காமாலையேதான். கீழாநெல்லி அரைச்சுக் குடுங்கடா"ன்னு எதிர் ரூம்ல இருந்து ஒரு குரல் வரும். மூணாவதா வர்றவன் பேசவே மாட்டான். பாக்கெட்ல இருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து, ஒண்ணைப் பிச்சுக் கையில குடுத்துட்டுப் போயிடுவான். இவனுக்குத்தான் மவுசு ஜாஸ்தி.

மூணு பேர்ல உண்மைக்குக் கொஞ்சம் பக்கத்துல நிக்கிறவன் நம்ம சிவில்காரன்தான். அந்தத் தண்ணி நிஜமாவே பித்தநீர். கல்லீரல் தினமும் சுமார் அரை லிட்டர்ல இருந்து ஒரு லிட்டர் வரைக்கும் இதைத் தயார் பண்ணுது. மஞ்சள் கலருக்குக் காரணம், பிலிரூபின்னு ஒரு சாயம். சுமார் 120 நாள் ஓடி ஓடி ரிட்டயர் ஆன ரத்தச் சிவப்பணுக்களை உடம்பு உடைக்குதுல்ல, அதோட மிச்சம். அது பிலிவெர்டினா மாறிட்டா பச்சை. வேலைன்னு பார்த்தா பித்தநீர் ஒரு சோப்பு மாதிரி. பரோட்டா சால்னாவுல மிதக்கிற எண்ணெயைக் குட்டிக் குட்டித் துளியா உடைச்சுக் குடுக்குறது இதுதான்.

சிக்கல் எங்கேன்னா, அட்ரஸ்ல! பித்தநீர் வந்து சேர்ற இடம் இரைப்பை இல்லை. இரைப்பை முடிஞ்சு, அதுக்கு அடுத்து ஆரம்பிக்கிற டியோடினம். சிறுகுடலோட முதல் பகுதி. பன்னிரண்டு விரல் அகல நீளம்கிற அர்த்தத்துல லத்தீன்ல வெச்ச பேர், கிட்டத்தட்ட 25 சென்டிமீட்டர். கணையத்தில் இருந்து வர்ற நீரும் இங்கேதான் இறங்குது. அப்போ கீழே கொட்டுன சரக்கு மேலே எப்படி வந்துச்சு? ஒன்வேயில வண்டி எதிர்ல வந்தா ஏதோ தப்புன்னுதானே அர்த்தம்?

இந்தக் கேள்விக்குப் பதில் தேடப்போய்தான் எனக்கே ஆச்சர்யம் தாங்கலை. அது ஒன்வேயே இல்லையாம்! நேத்து ராத்திரி நீங்க குறட்டை விட்டுக்கிட்டு இருந்தப்போ உங்க டியோடினத்துல இருந்து கொஞ்சம் பித்தநீர் இரைப்பைக்கு வந்துட்டுப் போயிருக்க நிறைய வாய்ப்பு உண்டு. என் வயித்துலயும்தான். உங்க பி.டி. சார் வயித்துலயும்தான். ஒரு வியாதியும் இல்லாத, கல்லைத் தின்னாலும் செரிக்கிற ஆளுங்க வயித்துலயும் இது நடக்குது.

*

இன்ஜினீயரிங் படிக்கிறவங்களுக்கு ஒரு வால்வைப் பார்த்தா உடனே 'இது ஒரு பக்கம் மட்டும் விடும்'னு தோணும். பைப்ல போடற செக் வால்வு பழக்கம் அப்படி. இரைப்பைக்கும் டியோடினத்துக்கும் நடுவுல இருக்கிற பைலோரஸ் அந்த ஜாதி இல்லை. கிரேக்க மொழியில பைலோரஸ்னா வாசல்காப்பாளன். நம்ம ஹாஸ்டல் வாட்ச்மேன் அண்ணன் மாதிரின்னு வெச்சுக்கோங்க. அரைச்சுக் கூழா வந்த சாப்பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமா வெளியே விடுவார். பெருசா எதுவும் வந்தா, 'போய் நல்லா அரைச்சுட்டு வா'ன்னு திருப்பி அனுப்புவார். ஆனா சாப்பாடு எல்லாம் போய் முடிஞ்ச பிறகு, கேட் பல நேரம் லேசாத் திறந்தே இருக்கும். வெளியே போனவங்கள்ல ஒண்ணு ரெண்டு பேர் உள்ளே எட்டிப் பார்த்துட்டுப் போனா கண்டுக்க மாட்டார்.

சாப்பாடு காலியான பிறகு வயிறு சும்மா தூங்குதுன்னு நினைச்சா அதுவும் தப்பு. 11.45 கிளாஸ்ல, லெக்சரர் போர்டுல எழுதற சத்தம் தவிர வேற எதுவும் கேட்காத அந்த நேரத்துல உங்க வயித்துல இருந்து 'கடமுடா'ன்னு ஒரு இடி இறங்குமே... முன் பெஞ்ச் பொண்ணுங்க எல்லாம் திரும்பிப் பார்க்க, நீங்க பக்கத்துல இருக்கறவனைப் பார்ப்பீங்களே... அந்தச் சத்தத்துக்குப் பின்னாடி ஒரு பெரிய ஷெட்யூல் ஓடுது. பேர் மைக்ரேட்டிங் மோட்டார் காம்ப்ளெக்ஸ். 1969-ல நாய்களோட குடல்ல மின்னலைகளை அளந்தப்போ இதோட முழு வடிவம் பிடிபட்டுச்சு, 1977-ல மனுஷங்ககிட்டயும் விவரமாப் பதிவு பண்ணாங்க. வெறும் வயிறா இருக்கும்போது, சுமார் 90-ல இருந்து 120 நிமிஷத்துக்கு ஒரு தடவை இரைப்பையில இருந்து சிறுகுடல் கடைசி வரைக்கும் ஒரு துடைப்பம் போடற வேலை நடக்குது. முதல்ல கப்சிப்னு ஒரு கட்டம். அடுத்து அங்கொண்ணும் இங்கொண்ணுமா ஒழுங்கில்லாத அசைவுகள். மூணாவது கட்டத்துல சும்மா டிரில் மாஸ்டர் விசில் அடிச்ச மாதிரி... இரைப்பையில நிமிஷத்துக்கு 3, டியோடினத்துல 11, 12-ன்னு தாளம் தப்பாம சுருங்கும். மிச்சம் மீதி, பாக்டீரியா எல்லாத்தையும் கூட்டிப் பெருக்கிக் கீழே தள்ளிடும். ஒரு இட்லி உள்ளே போச்சுன்னா டிரில் கேன்சல், எல்லாரும் சாப்பாட்டு டூட்டிக்குப் போயிடுவாங்க.

இதுல ரிவர்ஸ் எங்கே வருது? ரெண்டு இடத்துல. அந்த ஒழுங்கில்லாத ரெண்டாவது கட்டத்துல, டியோடினம் சுருங்கற நேரமும் இரைப்பை சுருங்கற நேரமும் ஒத்துப்போகாம கொஞ்சம் மேலே வந்துடும். அதைவிட சுவாரஸ்யம், மூணாவது கட்டத்தோட கடைசியில. அதுவரைக்கும் கீழ்நோக்கி அடிச்சுக்கிட்டு இருந்த டியோடினத்தோட மேல் பகுதி, திடீர்னு தலைகீழா மேல்நோக்கித் தள்ள ஆரம்பிக்குது! டியோடினத்துல இருக்கறது காரத்தன்மை உள்ள நீர், கணையம் குடுத்த பைகார்பனேட். இரைப்பையில இருக்கறது அமிலம். ராத்திரி தூங்கற ஆளுங்களோட இரைப்பையின் கீழ்ப்பகுதியில அளந்து பார்த்தா, இந்த நேரத்துல பி.ஹெச். அளவு மேலே ஏறுது. அதாவது அமிலத்தன்மை குறையுது. ராத்திரி 12 மணிக்கு வயிறு காலின்னு வெச்சா, காலை 8 மணிக்குள்ள இந்த டிரில் நாலஞ்சு ரவுண்டு போயிருக்கும். கணக்குப் பண்ணிக்கோங்க.

அப்போ இது லீக் இல்லை, வேணும்னே வெச்ச ஏற்பாடோ? இந்தச் சந்தேகம் நூறு வருஷத்துக்கு மேலேயே ஒருத்தருக்கு வந்திருக்கு. ரஷ்யாவுல, மணி அடிச்சா எச்சில் ஊறும் நாய் புகழ் பாவ்லோவ் இருந்தாரே, அவரோட பரிசோதனைக் கூடத்துல வேலை பார்த்த போல்டிரெவ். வெறும் வயித்துல குறிப்பிட்ட இடைவெளியில அசைவு வருதுன்னு 1900-களின் தொடக்கத்துலயே கவனிச்சவர். டியோடினத்து நீர் திரும்பி வந்துதான் இரைப்பை தன்னோட அமிலத்தைக் கட்டுக்குள்ள வெச்சுக்குதுன்னு 1910-கள்ல ஒரு தியரியே போட்டார். அமிலக் கட்டுப்பாட்டுக்கு ஹார்மோன், நரம்புன்னு பெரிய பெரிய ஆளுங்க இருக்காங்கன்னு பின்னாடி தெரிஞ்சதுல அவர் தியரி முழுசா நிக்கலை. ஆனா 'திரும்பி வர்றதுன்னாலே வியாதி இல்லை'ன்னு அவர் சொன்ன பாதி நின்னுடுச்சு. பாதி மார்க் வாங்கி பாஸ் ஆன சீனியர்!

*

அவருக்கும் முன்னாடி, ஒரு மனுஷனோட வயித்துக்குள்ள நேரடியாவே எட்டிப் பார்த்தவர் ஒருத்தர் இருக்கார். இந்தக் கதையைப் படிச்ச அன்னிக்கு எனக்கு ராத்திரி சாப்பாடு இறங்கலை.

1822 ஜூன் 6. அமெரிக்காவின் மிச்சிகன் பக்கம் மாக்கினாக்னு ஒரு தீவு. ரோமத்தோல் வியாபாரம் பண்ற ஒரு கம்பெனிக் கடையில ஒரு துப்பாக்கி தவறுதலா வெடிச்சது. பக்கத்துலயே நின்ன அலெக்ஸிஸ் செயின்ட் மார்ட்டின்ங்கிற கனடா நாட்டு இளைஞர் இடது மார்புக்குக் கீழே ஓட்டை விழுந்து சாய்ஞ்சார். அங்கே இருந்த ராணுவ டாக்டர் வில்லியம் பியூமான்ட், ஆள் பிழைக்க மாட்டார்னுதான் நினைச்சார். பிழைச்சுட்டார். ஆனா ஓட்டை மூடலை. இரைப்பையோட சுவர் விலாப் பக்கத் தோலோட ஒட்டி, வெளியில இருந்து விரலால தள்ளினா வயித்துக்குள்ள பார்க்கலாம்கிற மாதிரி ஒரு ஜன்னல் ஆகிப்போச்சு.

டாக்டர் விடுவாரா? 1825-ல ஆரம்பிச்சார். மாட்டுக்கறி, பன்றிக்கறி, ரொட்டி, முட்டைக்கோஸ்னு ஒவ்வொண்ணையும் பட்டு நூல்ல கட்டி ஓட்டை வழியா உள்ளே இறக்குவார். மணிக்கு ஒரு தடவை வெளியே இழுத்து, எவ்வளவு கரைஞ்சிருக்குன்னு பார்ப்பார். நடு நடுவுல செயின்ட் மார்ட்டின் அவர் வீட்டுல விறகு உடைக்கிறது மாதிரி எடுபிடி வேலையும் செய்யணும். கோவிச்சுக்கிட்டுக் கனடாவுக்கு ஓடினார், கல்யாணம் பண்ணினார், குழந்தை பெத்தார். வறுமை துரத்தத் திரும்பி வந்தார். 1832-ல ஒப்பந்தமே போட்டாங்க. வருஷத்துக்கு 150 டாலர், சாப்பாடு, தங்கற இடம். பதிலுக்கு வயித்தை ஆராய்ச்சிக்குக் குடுக்கணும். வயித்துப் பிழைப்புன்னு நாம சும்மா சொல்றோம், இவருக்கு அது நிஜம்!

1833-ல 238 சோதனைகளோட பியூமான்ட் போட்ட புத்தகம்தான் இரைப்பை பத்தின நம்ம அறிவுக்கே அஸ்திவாரம். அதுல நம்ம மேட்டர் வருது. பித்தநீர் சாதாரணமா இரைப்பையில இருக்கறது இல்லை, எண்ணெய், கொழுப்பு அதிகமாச் சாப்பிட்டா வரும்னு எழுதியிருக்கார். இன்னொண்ணும் பார்த்திருக்கார். செயின்ட் மார்ட்டினுக்குக் கோபம் தலைக்கேறும்போது வயித்துக்குள்ள மஞ்சளா பித்தநீர் வந்து நிக்குது! பித்தம், பித்து, பித்தன்னு ஒரே குடும்பமா வார்த்தை வெச்சிருக்கிற நமக்கு இது பெரிய அதிர்ச்சியா இருக்காது. (அப்படி அடிக்கடி ஓட்டைக்குள்ள நூலை விட்டு இழுத்தா யாருக்குத்தான் கோபம் வராது?)

'சாதாரணமா இருக்கறது இல்லை'ன்னு அவர் சொன்னது ஏன் தப்பாப் போச்சு? கண்ணால பார்த்தார். கலர் தெரியுற அளவுக்கு வந்தாத்தானே கண்ணுக்குத் தெரியும்? கொஞ்சமா வந்து, அமிலத்தோட கலந்து, அடுத்த அலையில கீழே போயிட்டா யாருக்குத் தெரியும்?

பியூமான்ட் 1853-ல செத்துப்போனார். ஓட்டையோட இருந்தவர் அதுக்கப்புறமும் 27 வருஷம் வாழ்ந்து 1880-லதான் இறந்தார். அப்பவும் டாக்டருங்க விடலை. புகழ்பெற்ற வில்லியம் ஆஸ்லர் அந்த இரைப்பையை மியூசியத்துக்குக் கேட்டார். குடும்பம் என்ன பண்ணுச்சு தெரியுமா? யாரும் அறுத்துப் பார்க்க முடியாதபடி உடம்பை அழுக விட்டு, அப்புறம் 8 அடி ஆழத்துல புதைச்சாங்க. படிச்சதும் எனக்கு டாக்டர் மேல இருந்த மரியாதையில கொஞ்சம் கழண்டு, அந்தக் குடும்பத்து மேல போய் ஒட்டிக்கிச்சு.

*

இப்போ இன்ஜினீயர் மூளையை ஆன் பண்ணுங்க. எல்லார் விலாவுலயும் ஜன்னல் கிடையாது. நல்லா இருக்கிற ஒரு ஆளோட வயித்துல பித்தநீர் வருதான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

முதல் வழி, டியூப். மூக்கு வழியா விட்டு, இரைப்பையில இருக்கறதை உறிஞ்சி எடுத்துப் பார்க்கறது. டியோடினம் வரைக்கும் இன்னொரு டியூப் விட்டா, அது வாட்ச்மேன் அண்ணனோட கேட்டுக்குள்ளேயே நிக்கும். கேட்டை ஒரு கட்டையை வெச்சுத் திறந்துட்டு, 'கேட் சரியா மூட மாட்டேங்குது'ன்னு கம்ப்ளெயின்ட் எழுதினா எப்படி? அந்தக் கதைதான். மெஷர்மென்ட்ஸ் பேப்பர்ல 'லோடிங் எஃபெக்ட்'னு ரெண்டு மார்க் கேள்வி வருமே... வோல்ட்மீட்டரைச் சேர்த்ததுமே சர்க்யூட்டோட வோல்டேஜ் மாறிடும்னு. வயித்துலயும் அதே லோடிங் எஃபெக்ட்.

எண்டோஸ்கோப்பியும் கிட்டத்தட்ட அப்படித்தான். குழாய் தொண்டையில இறங்கும்போது ஓங்கரிக்கும். ஓங்கரிக்கிறதே பித்தநீரை மேலே கொண்டு வந்துடும். வாந்தி வர்றதுக்குச் சில விநாடி முன்னாடி சிறுகுடல்ல இருந்தே ஒரு பெரிய ரிவர்ஸ் அலை கிளம்பி, உள்ளே இருக்கறதை எல்லாம் இரைப்பைக்குள்ள அள்ளிக் கொட்டும். எக்ஸாம் காலையில வெறும் வயித்தோட ரொம்ப நேரம் இழுத்த பிறகு மஞ்சத்தண்ணி வர்றதோட ரகசியமும் இதேதான். அதனால, எண்டோஸ்கோப்பியில குட்டை மாதிரி மஞ்சளா தேங்கி நிக்கறதை மட்டும் வெச்சு, 'இவருக்கு ரிஃப்ளக்ஸ் வியாதி'ன்னு முடிவு கட்ட முடியாது.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, எங்க ஃப்ளோர்ல ஒரு நண்பன் இருக்கான். மெக்கானிக்கல் மூணாவது வருஷம். எட்டு மாசம் முன்னாடி வயித்துவலின்னு போனப்போ எண்டோஸ்கோப்பி எடுத்தாங்க. புண் இல்லை, வேற எதுவும் இல்லை, கடைசி வரியில மட்டும் 'பைல் ரிஃப்ளக்ஸ்'னு ஒரு ரெண்டு வார்த்தை. ரெண்டு வாரத்துக்கு எழுதிக் குடுத்த மாத்திரையை, அதே சீட்டைக் காட்டி எட்டு மாசமா வாங்கித் தின்னுக்கிட்டு இருக்கான். வலி போய் ஏழு மாசம் ஆச்சு! டூர் வரமாட்டான், பர்த்டே கேக் தொடமாட்டான், கேட்டா "எனக்குப் பித்தம் ரிவர்ஸ்ல வருதுடா"ன்னு கண் கலங்குவான். இந்தக் கட்டுரையோட ஒரிஜினல் ஸ்பான்சர் அவன்தான்.

மறுபடி மெஷின் கதைக்கு வருவோம். 1970-களின் நடுவுல ஒரு நல்ல வழி வந்துச்சு. டெக்னீஷியம்-99எம்னு ஒரு கதிரியக்கப் பொருள், அரை ஆயுள் 6 மணி நேரம். இதை ஹைடாங்கிற ஒரு மருந்தோட சேர்த்துக் கை ரத்தக்குழாய்ல ஊசி போட்டுடுவாங்க. கல்லீரல் அதைப் பிடிச்சு பித்தநீரோட கலந்து விடும். வெளியில காமா கேமரா. பித்தநீர் போற வழியெல்லாம் பளிச்னு தெரியும். வயித்துக்குள்ள எந்தக் குழாயும் இல்லை, கேட்டை யாரும் தொடலை. அப்போதான், எந்தத் தொந்தரவும் இல்லாத ஆளுங்க சிலரோட படத்துலயும் அந்த வெளிச்சம் இரைப்பைக்குள்ள போயிட்டு வர்றது தெரிஞ்சுச்சு. ஆனா ஒண்ணு ரெண்டு மணி நேரம்தான் பார்க்கலாம். ஒண்ணுமேல ஒண்ணு படுத்திருக்கிற குடலும் இரைப்பையும் படத்துல கலந்து தெரியற குழப்பம் வேற.

எனக்கு ரொம்பப் பிடிச்சது அடுத்து 1990-கள்ல இத்தாலிக்காரங்க கொண்டு வந்த பிலிடெக். சிம்பிள் ஐடியா பாஸ்! மெல்லிசான ஆப்டிகல் ஃபைபர், மூக்கு வழியா உள்ளே. இடுப்புல ஒரு பெட்டி. அதுல ரெண்டு எல்.இ.டி. ஒண்ணு 470 நானோமீட்டர் நீலம், இன்னொண்ணு 565 நானோமீட்டர் பச்சை. மஞ்சள் நிற பிலிரூபினுக்கு நீல ஒளின்னா உயிர், உறிஞ்சித் தள்ளிடும். பச்சையை அவ்வளவா சீண்டாது. ரெண்டுக்கும் இருக்கிற வித்தியாசத்தைப் பார்த்தா பித்தநீர் இருக்கா, இல்லையான்னு தெரிஞ்சுபோகும். ஃபர்ஸ்ட் இயர் கெமிஸ்ட்ரியில 'இது எதுக்குடா நமக்கு'ன்னு கேட்டுக்கிட்டே எழுதினோமே பீர்-லாம்பர்ட் விதி... அது எதுக்குன்னா இதுக்கு! 8 விநாடிக்கு ஒரு அளவு, 24 மணி நேரம். மொத்தம் 10,800 ரீடிங். ஆள் பாட்டுக்கு நடக்கலாம், சாப்பிடலாம், தூங்கலாம். ஒரே கண்டிஷன், கலர் சாப்பாடு கூடாது. தக்காளி, கேரட், காபி எல்லாம் நீல ஒளியை முழுங்கி ஏமாத்திடும். இட்லி, தயிர்சாதம், பால்னா ஓகே. எங்க மெஸ் சாம்பார்கூட பாஸ் ஆயிடும்னு நினைக்கிறேன், அதுல தக்காளி இருந்ததா இதுவரை தகவல் இல்லை.

இந்தக் கருவியும் வயித்துக்குள்ள இருக்கிற பித்தநீரோட அளவைச் சொல்லாது. எவ்வளவு நேரம் இருந்துச்சுன்னுதான் சொல்லும். திட உணவு முனையில ஒட்டிக்கிட்டாலும் கணக்கு உதைக்கும். ஆனா ஒரு விஷயம் தெளிவாச்சு. ஆரோக்கியமா இருக்கறவங்களுக்கும் பித்தநீர் வருது, சாப்பிட்ட பிறகு கொஞ்சம், ராத்திரி கொஞ்சம், அப்புறம் போயிடுது. 'வந்துச்சா?'ங்கிற கேள்வியே தப்பு. 'வந்து எவ்வளவு நேரம் உட்கார்ந்துச்சு?'ன்னுதான் கேட்கணும்.

*

உட்கார்ந்தா என்ன ஆகும்? சோப்புன்னு சொன்னேன்ல... இரைப்பைச் சுவர் மேல வழவழன்னு சளிப்படலம் போர்வை மாதிரி இருக்கு. பித்த அமிலம் ரொம்ப நேரம் ஊறினா அந்தப் போர்வை பலவீனமாகும், அமிலம் உள்ளே புகுந்து சுவரை அரிக்கும். இது நிஜமான வியாதி. இதை உலகத்துக்கு நல்லாக் காட்டிக் குடுத்தது ஆபரேஷன்தான். 1881 ஜனவரி 29, வியன்னாவுல தியோடர் பில்ராத்ங்கிற சர்ஜன், புற்றுநோய் வந்த இரைப்பையின் கீழ்ப்பகுதியை வெட்டிட்டு, மிச்சத்தை டியோடினத்தோட சேர்த்துத் தைச்சார். நோயாளி ஆபரேஷன்ல பிழைச்சார், வரலாறு ஆச்சு. ஆனா அந்த மாதிரி ஆபரேஷன்ல பைலோரஸும் போயிடுது. வாட்ச்மேன் இல்லாத கேட்! அப்படி ஆபரேஷன் ஆனவங்கள்ல சிலருக்குப் பித்தநீர் நாள் முழுக்க உள்ளே வந்து, வலி, எரிச்சல், கசப்பு வாந்தின்னு படுத்தி எடுத்துச்சு. அதுக்கும் சர்ஜனுங்களே வழி கண்டுபிடிச்சாங்க. சுவிட்சர்லாந்தின் சீசர் ரூ காட்டின 'ஒய்' வடிவ இணைப்பு. பித்தநீர் வர்ற பைப்பை 40 சென்டிமீட்டருக்கும் கீழே கொண்டு போய்ச் சேர்த்துட்டா, மேலே ஏறி வர்றது கஷ்டம். பக்கா பிளம்பிங்!

பித்தப்பையை எடுத்துட்டவங்களுக்கும் பித்தநீர் திரும்பி வர்றது அதிகமாகலாம். அப்புறம், தம் பார்ட்டிகளுக்கு ஒரு தகவல். பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல 1973-லயே ஒரு ஆய்வு வந்திருக்கு. எக்ஸ்ரே வெச்சுப் பார்த்ததுல, சிகரெட் பிடிச்சா பைலோரஸ் தளர்ந்து டியோடினத்துல இருந்து திரும்பி வர்றது கூடுதாம். நான் ஒண்ணும் சொல்லலை. தகவல் மட்டும்.

அந்த மாத்திரை அட்டை? பெரும்பாலும் அது அமிலத்தைக் குறைக்கற மாத்திரை. பித்தநீர் திரும்பி வர்றதை நிறுத்தறதுக்காகச் செஞ்சது இல்லை. டாக்டர் பார்த்து, இத்தனை நாள்னு சொல்லிக் குடுத்தா சாப்பிடணும். பக்கத்து ரூம்காரன் பாக்கெட்ல இருந்து இல்லை.

'மஞ்சக்காமாலை' கட்சிக்கும் ஒரு வார்த்தை. மஞ்சளா வாந்தி வந்தது மட்டும் காமாலைக்கு அடையாளம் இல்லை. கண்ணோட வெள்ளைப் பகுதி மஞ்சளாச்சா, சிறுநீர் டீ டிகாஷன் கலர்ல போகுதான்னு பாருங்க. ஆமான்னா உடனே டாக்டர்.

வேற எதுக்கெல்லாம் ஓடணும்? பச்சையா வாந்தி நிக்காம வருது, வயிறு உப்பிக்கிட்டே போகுது, கடுமையா வலிக்குது, காத்துகூடப் பிரியலைன்னா குடல்ல அடைப்பா இருக்கலாம். அங்கே எலுமிச்சம்பழம் வேலைக்கு ஆகாது, ஆட்டோ பிடிங்க. வாந்தியில ரத்தமோ, காபித்தூள் மாதிரியோ தெரிஞ்சா, மலம் தார் மாதிரி கறுத்துப் போனா, காரணமே இல்லாம எடை இறங்கினா, முழுங்கும்போது அடைச்சா... இதெல்லாமும் தள்ளிப்போடற கேஸ் இல்லை. வீட்டுல அக்கா குழந்தை, அண்ணன் குழந்தைன்னு பச்சைக்குழந்தை இருந்து, அது பச்சையா வாந்தி எடுத்தா ஒரு தடவைன்னாலும் உடனே ஆஸ்பத்திரி. குழந்தைங்க விஷயத்துல இது எப்பவுமே எமர்ஜென்சி.

நம்ம மெக்கானிக்கல் நண்பன்கிட்ட இந்தப் பக்கத்தோட முதல் காப்பியைக் குடுத்தேன். பிலிடெக் பகுதியை ரெண்டு தடவை படிச்சான். 'அந்த எல்.இ.டி. பெட்டியை ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டாப் பண்ணலாமா?'ன்னு கேட்டான். ஆனா மாத்திரையை அவனாவே நிறுத்த வேணாம்னு சொல்லிட்டோம். சனிக்கிழமை ரெண்டு பேர் கூடப் போறோம். எண்டோஸ்கோப்பி ரிப்போர்ட் ஃபைல்ல வெச்சாச்சு. கேட்க வேண்டியதையும் ஒரு பேப்பர்ல எழுதியாச்சு: எண்டோஸ்கோப்பி அன்னிக்கு ரொம்ப ஓங்கரிச்சேன், அந்தக் கடைசி வரிக்கு அர்த்தம் உண்டா? ஏழு மாசமா வலி இல்லை, மாத்திரை இன்னும் வேணுமா? நிறுத்தினா எப்படி நிறுத்தணும்?

நாலாவதா அவனே ஒண்ணு சேர்த்திருக்கான். 'கேக் சாப்பிடலாமா?'